வலது ஒன்பது, இடது மூன்று

பிரபு,

"பெத்த தாயா நீ?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் மணி அடிக்காமலேயே நின்றுபோகிறது. என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய் என்று பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சொன்னாள். அதனால் எழுதுகிறேன். ஆமாம், பெற்ற தாய்தான். பெற்றது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருடமாக உன்னைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தேன், காப்பாற்றக் கூடாத இடங்களிலும் சேர்த்து. உன் இரண்டாவது கல்யாணத்தை நிறுத்தியது நான்தான். பங்காளிகள் யாரோ வத்தி வைத்துவிட்டார்கள் என்று நீ தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தேட வேண்டாம். போளூரில் பஸ் ஏறி, மலை மேலே ஜமுனாமரத்தூருக்குப் போய், பொண்ணு வீட்டில் உட்கார்ந்து, என் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன் என்பதை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உனக்குப் பிடிக்காத இடங்கள் நிறைய வரும். தாண்டிப் போகாமல் படி.

போன மாதம் நீ எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பினாய். பவித்ராவுடையது. இருபத்துநான்கு வயதுப் பெண். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, முதல் தடவை ஏமாந்துவிட்டோம், இந்தத் தடவை முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறோம் என்று அவள் வீட்டாரிடம் சொல்லி, அந்தப் பெண்ணை மலையிலிருந்து கீழே வரவழைத்து, இரண்டு பக்கச் சினைப்பையிலும் முட்டைப் பைகளை எண்ண வைத்தாய். ரிப்போர்ட்டுக்குக் கீழே, "வலது பதினொண்ணு, இடது ஆறு. இடது கம்மியா இருக்கே, பரவால்லியாம்மா?" என்று கேட்டிருந்தாய். நான் அப்போது மொட்டைமாடியில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தேன். அந்த வரியைப் படித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கேள்வி உன்னுடையது இல்லை, என்னுடையது. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் கேட்டதை வார்த்தை பிசகாமல் கற்றுக்கொண்டு, இன்னொரு பெண்ணிடம் கொண்டுபோயிருக்கிறாய்.

கோகிலா உன்னைக் கட்டிக்கொண்டு செங்கத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. மூன்று வருடம் ஆகியும் குழந்தை இல்லை என்றதும் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனவள் நான். போளூரில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் ஆயா வேலை பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து பிரசவத்துக்கு இறங்கி வரும் பெண்கள் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதை என்னிடம் கேட்பார்கள். எட்டாவது படித்த எனக்கு அந்த மரியாதை தலைக்கு ஏறியிருந்தது. பத்தில் ஆறு விஷயம் சரியாகச் சொல்வேன். தெரியாத நாலையும் அதே குரலில் சொல்வேன். கோகிலாவின் ரிப்போர்ட்டில் வலது சினைப்பையில் ஒன்பது, இடதில் மூன்று என்று இருந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கிறது, இவள் வீட்டுக்காரரையும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் காதில் மூன்று என்பது மட்டும்தான் விழுந்தது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே அவளிடம் சொன்னேன், "ஒரு பக்கம் காஞ்சி கெடக்குது உனக்கு." டாக்டர் நல்லா இருக்குன்னுதானே அத்தை சொன்னாங்க என்றாள். டாக்டருங்க மூஞ்சிக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள் என்றேன். நான் ஆஸ்பத்திரிக்காரி. அவள் என்னை நம்பினாள்.

அன்றிலிருந்து அந்த மூன்றை நான் ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். அவளை வலது பக்கமாகப் படுக்கச் சொன்னேன், அப்போதுதான் இடது பக்கத்துக்கு ரத்தம் ஓடும் என்றேன். யார் சொன்னது என்று கேட்டால் எனக்கே தெரியாது. கணியம்பாடியில் உன் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு நடந்ததே, நினைவிருக்கிறதா? எல்லாப் பெண்களும் வரிசையாகப் போய்ச் சந்தனம் பூசினார்கள். கோகிலாவின் முறை வந்தபோது அவள் கையிலிருந்த வளையல் தட்டை நான் வாங்கிக்கொண்டேன். "நீ வேணாம், கொஞ்சம் தள்ளி நில்லு" என்றேன், நாற்பது பேர் முன்னால். கர்ப்பமாக இருந்த பெண்ணே, அண்ணி வரட்டும் பெரியம்மா என்று கூப்பிட்டாள். நான் விடவில்லை. கோகிலா போய்ச் சமையல் கட்டில் இலை துடைத்துக்கொண்டிருந்தாள். நீ பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். பார்க்கவில்லை என்று சொல்லாதே. என்னையும் பார்த்தாய், அவளையும் பார்த்தாய்.

பிறகு மலைமேல் ஒருவரிடம் கஷாயத்துக்குச் சொல்லி வாங்கி வந்தேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். குடித்த அரை மணியில் வாந்தி எடுப்பாள். வாந்தியோடு கெட்டது போகிறது என்பேன். இருபதாவது நாள் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், பேப்பரை எடுத்து வை என்று வேலையிலிருந்து போன் பண்ணினாய். வண்டி ஆர்.சி. புத்தகம் இருந்த உறையைப் பிரித்தேன். அதற்குள் நாலாக மடித்து உன் ரிப்போர்ட் இருந்தது. வேலூரில் ஏதோ ஒரு லேப்பில் கொடுத்தது. எனக்கு அந்தத் தாள் புதிது இல்லை பிரபு. ஆஸ்பத்திரியில் அப்படி நூறு தாள்களை டாக்டர் மேஜைக்குக் கொண்டுபோய் வைத்தவள். விந்தணு எண்ணிக்கை எழுதும் இடத்தில் எண்ணே இல்லை. இல்லை என்று எழுதியிருந்தது. தேதி, நான் கஷாயம் தொடங்குவதற்கு ஒன்றரை மாதம் முன்னால். எனக்குத் தெரியாது என்றுதானே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாய்? எனக்குத் தெரியும். மடித்தபடியே மடித்து, வைத்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் காலையில் கோகிலாவுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தேன். இருபது நாள் அறியாமையில் கொடுத்தேன். மீதி இருபத்தெட்டு நாளும் தெரிந்தே கொடுத்தேன். குடிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்ப்பாள், நல்லது நடக்கும் அத்தை என்பாள். நடக்கும் என்பேன் நானும்.

ஏன் என்று கேட்பாய். பாசம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். என் மகனைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற கர்வம். அது அன்றைக்கு வந்ததும் இல்லை. நீ ஏழாவது படிக்கும்போது உண்டிவில்லால் அடித்து எதிர்வீட்டுக் கன்றுக்குட்டியின் கண்ணைப் போக்கினாய். பழி உன் சிநேகிதன் மேல் விழுந்தது. அவனை அவன் அப்பா தெருவில் வைத்துப் பெல்ட்டால் அடித்தார். நாம் இருவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உண்டிவில் அரிசிப் பானைக்குள் இருப்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அவன் அலறும்போது நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாய். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கு உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கியிருந்தால் உனக்கு நாலு அடி விழுந்திருக்கும். அதை உனக்குக் கிடைக்கவிடாமல் செய்தது என் முதல் துரோகம்.

செங்கத்தில் கோகிலா வீட்டில் பெரியவர்கள் கூடி உங்களைப் பிரிப்பது பற்றிப் பேசிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டு பக்கத்திலும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். நான் கோகிலாவின் ஸ்கேன் தாளை நடுவில் வைத்து, "வலதுல ஒம்போது, இடதுல மூணு. நானா சொல்லல, இதுல இருக்குது. படிச்சவங்க யாராச்சும் படிங்க" என்றேன். அவள் அப்பா தையற்காரர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பெற்ற மகளின் உடம்புக்குள் இருப்பதை ஊரார் நடுவில் உட்கார்ந்து எண்ணும்படி ஒரு அப்பாவை வைத்தோம். கோகிலா அழவில்லை. உன்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நீங்களும் டெஸ்ட் எடுத்தீங்களே, அதுல இன்னா வந்துச்சி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாய். ஒரு விதத்தில் நீ சொன்னது உண்மைதான், அந்தத் தாளிலும் அதுதான் எழுதியிருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஆஸ்பத்திரிக்காரி இல்லையா, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. "என் புள்ளைக்கு இன்னாடி கொறை?" என்றேன். அதோடு முடிந்தது. எண்ணி ஒரு வருடத்தில் விவாகரத்தும் வாங்கிவிட்டாய். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது.

நீ பவித்ராவின் ரிப்போர்ட்டை அனுப்பிய மறுநாள், கோகிலாவின் பழைய தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது, வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். இரண்டையும் காட்டி, வலதும் இடதும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டேன். "பத்தொம்போது வருஷம் இங்க இருந்துட்டு இப்ப வந்து கேக்குறீங்களே ஆயாம்மா" என்று சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்த மாதத்தில் வளரத் தயாராக இருக்கும் சின்னச் சின்ன முட்டைப் பைகளைத்தான் ஸ்கேனில் எண்ணுகிறார்களாம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதுதான் அபூர்வமாம். இந்த மாதம் குறைவாக இருக்கும் பக்கம் அடுத்த மாதம் கூடலாம். டாக்டர்கள் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். அதுவும் இன்னும் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது, ஊசி போட்டால் எத்தனை வளரும் என்று மதிப்பிடுவதற்குத்தான். கர்ப்பம் தரிப்பாளா மாட்டாளா என்று அந்த எண் சொல்லாது. மாதத்துக்கு ஒரு முட்டை போதும், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் என்ன என்றார். கட்டி வந்து ஒரு பக்கத்துச் சினைப்பையையே எடுத்துவிட்ட பெண்கள் இங்கேயே பிள்ளை பெற்றதில்லையா, நீங்கள்தானே துணி மாற்றினீர்கள் என்று கேட்டார். ஆமாம், நான்தான் மாற்றினேன். கோகிலாவுக்கு ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு, அந்த வயதுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் பொண்ணுக்கு இன்று எவ்வளவு வயது என்று கேட்டார். முப்பத்தாறு என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். வலது இடது வித்தியாசம் ஒன்றும் செய்யாது ஆயாம்மா, வருஷம்தான் செய்யும், முப்பத்தைந்துக்கு மேல் கையிருப்பு வேகமாகக் குறையும் என்றார். பிறகு உன்னைப் பற்றியும் சொன்னேன். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது, மறுபடி பார்த்துக் காரணம் கண்டுபிடித்தால் சிலருக்கு வைத்தியம் உண்டு என்றார். வேலூரிலும் உன்னிடம் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். நீ போகவில்லை. ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்துவிட்டு, பெண்டாட்டி வாந்தி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு பல் விளக்கினாய்.

அதற்குப் பிறகுதான் ஜமுனாமரத்தூர் போனேன். பவித்ராவின் அப்பா மளிகைக் கடையை மகளிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். டீ கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ந்துபோவார், என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"விடுங்க சம்பந்தி. பத்திரிகை குடுத்தாச்சி. ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு கொறையா? மருந்து சாப்ட்டா சரியாய்டும். பொண்ணு காதுல மட்டும் போட்டுடாதீங்க."

அவரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அது எதனால் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு கடைக்குள் போனேன். பவித்ரா துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நேராகச் சொன்னேன். பொட்டலத்தைக் கட்டி முடித்து, வாங்க வந்தவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் எதுக்குங்க என்னை ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு?"

அந்த அக்காவுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். "மொதல்ல அவங்ககிட்டதானே போயிருக்கணும் நீங்க" என்றாள். அப்பாவைக் கூப்பிட்டு, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். அவர் என் கண் முன்னாலேயே அவளை அறைந்தார். அவள் கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. வேணாம்பா என்று மறுபடியும் சொன்னாள். உன் கல்யாணம் நின்றது இப்படித்தான். நான் சொன்னதால் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பெண் அடி வாங்கிக்கொண்டு நிறுத்தினாள்.

கோகிலா இப்போது செங்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அங்கே போனேன். ஏழு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தவள் எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. மிஷினில் தாள் ஓடிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே சொன்னேன், மூன்றைப் பற்றி, உன் தாளைப் பற்றி. அவள் மிஷினை நிறுத்தினாள். பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று வந்தாராம். நல்ல மனிதர், அவளுக்கும் பிடித்திருந்ததாம். இவளே அவரிடம், எனக்கு ஒரு பக்கம் வேலை செய்யாது, என்னால் குழந்தை பெற முடியாது என்று சொல்லியிருக்கிறாள். பரவாயில்லை என்றாராம் அவர். உங்க அம்மாவும் ஒரு நாள் வளையல் தட்டைப் புடுங்குவாங்க என்று சொல்லி, இவளே வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். அவருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பரீட்சைத் தாள் ஜெராக்ஸ் எடுக்க இவள் கடைக்குத்தான் வருவாராம். நான் சொன்ன ஒரு பொய்யை எட்டு வருடம் தன் உடம்பென்றே நம்பி வாழ்ந்திருக்கிறாள். இடது பக்கம் ஒருபோதும் காயவில்லை. நாம்தான் அவளுடைய வருடங்களைக் காயப்போட்டோம்.

"கஷாயம் குடுத்தீங்களே," என்றாள், "அப்பவே தெரியுமா?"

"பாதியில தெரியும்."

அவள் தலையாட்டினாள். நான் மன்னிப்புக் கேட்கக் கையெடுத்தேன். அதெல்லாம் வேண்டாம், மன்னிக்க மாட்டேன், எழுதிக் கொடுங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினாள். அங்கேயே நின்று எழுதினேன். கோகிலாவின் உடம்பில் எந்தக் குறையும் இல்லை, குறை என் மகனிடம் இருந்தது, அதை மறைத்து இந்தப் பெண்ணின் மேல் பழி போட்டோம், தெரியாமல் செய்த பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்துத் 'தெரியாமல்' என்பதை அடித்துவிட்டு வேறு தாளைக் கொடுத்தாள். "தெரிஞ்சேன்னு எழுதுங்க" என்றாள். தெரிந்தே செய்தது என்று எழுதினேன்.

அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேரையும் அவள் பெயர் பெயராக ஞாபகம் வைத்திருக்கிறாள். இரண்டு பேர் செத்துப்போனார்கள், அவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு நகல் எடுத்துக் கொடுத்து, நீங்களே கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாங்க என்றாள். ஒன்பது நாளாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். உன் பெரியமாமா வீட்டில் படித்துவிட்டுக் கிழித்தார்கள். கணியம்பாடியில் உன் சித்தப்பா வீட்டில் அந்த வளைகாப்புப் பெண் வாசலிலேயே நிறுத்தி, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சரிதான் என்று திரும்பி வந்தேன். முழங்கால் வலிக்கிறது. இன்னும் ஐந்து வீடு இருக்கிறது.

மறுபடி கல்யாணம் செய்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போய் மறுபடி பரிசோதனை செய். வருவதை யாரிடமும் மறைக்காதே. உன்னை இருக்கிறபடி தெரிந்துகொண்டு ஒருத்தி வந்தால் வரட்டும், வராவிட்டால் தனியாக இரு. தனியாக இருப்பதால் யாரும் செத்துப்போவதில்லை. ஏழு வருடமாகக் கோகிலா இருக்கவில்லையா?

உனக்கான தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இது நகல் இல்லை, நான் எழுதிய மூலத் தாளே இதுதான். கோகிலா இதை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்தாள். கீழே வலது பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இடது பக்கத்தில் உன் பெயரை அவளே எழுதி, மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறாள்.

அம்மா